பட்டினி கிடக்கும் இகுவானா: வாயைத் திறக்கும் முன் கூண்டைப் பாருங்கள்

(திருவொற்றியூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ராயபுரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள். காசிமேட்டிலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். எண்ணூரிலிருந்தும் மணலியிலிருந்தும் ஷிப்ட் முடித்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்: வீட்டில் வளர்க்கும் இகுவானா என்ற பல்லியினப் பிராணி சாப்பிடுவதை நிறுத்திவிட்டால் என்ன செய்ய வேண்டும்? என்ன செய்யவே கூடாது?

மேடை போட்டுப் பேசும் அளவுக்கு இது பெரிய விஷயமா என்று சிலர் கேட்கலாம். பெரிய விஷயம்தான். ஒரு உயிரை நாம் கூண்டில் வைத்துவிட்டால், அதன் பசிக்கும் தாகத்துக்கும் நாம்தான் பொறுப்பு. அதனால் தேடித் தின்ன முடியாது. வெயில் வேண்டும் என்றால் வெயிலுக்கு நடந்து போக முடியாது. நாம் கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை.

திருவொற்றியூரில் நின்று பசியைப் பற்றிப் பேசும்போது வள்ளலாரை நினைக்காமல் இருக்க முடியுமா? இளம் வயதில் இந்த ஊர்க் கோயிலுக்கு நடையாய் நடந்து வந்தவர் அவர். 1867-இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி, பசித்தவர்களுக்காக அடுப்பு மூட்டியவர். உயிர்களின் பசியைத் தீர்ப்பதே மேலான அறம் என்று சொன்னவர். அந்த உணர்வு நம் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. அதனால்தான் வீட்டில் ஒரு உயிர் சாப்பிடாமல் கிடந்தால் நமக்குக் கை பதறுகிறது.

குழந்தை சாப்பிடவில்லையா? நிலாவைக் காட்டி ஊட்டுகிறோம். நாய் சாப்பிடவில்லையா? சோற்றில் கொஞ்சம் கறிக்குழம்பு ஊற்றி வைக்கிறோம். இகுவானா சாப்பிடவில்லையா? வாயைப் பிளந்து திணிக்கிறோம். கஷ்டம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பட்டினி கிடக்கும் இகுவானாவுக்கு முதல் தேவை சோறு அல்ல, சூடு. வாயைத் திறக்கும் முன் கூண்டைப் பாருங்கள். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

ஏன் சூடு? நம் உடம்புக்குள் ஒரு அடுப்பு எப்போதும் எரிகிறது. மழை பெய்தாலும் பனி கொட்டினாலும் நம் உடல் வெப்பம் மாறுவதில்லை. இகுவானாவுக்குள் அந்த அடுப்பு கிடையாது. மெக்ஸிகோவிலிருந்து பிரேசில் வரை உள்ள காடுகளில் மரத்தின் மேல் வாழ்கிற பிராணி அது. காலையில் கிளையில் படுத்து வெயில் காயும். உடம்பு சூடேறிய பிறகுதான் இலை தின்னப் போகும். தின்ற பிறகு மறுபடியும் வெயிலுக்கு வரும். ஏன் தெரியுமா? இலையைச் செரிப்பது எளிதான வேலை இல்லை. இகுவானாவின் பெருங்குடலில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருந்து, அந்த இலையைப் புளிக்க வைத்துச் சத்தாக மாற்றுகின்றன. அவற்றுக்கு வெப்பம் வேண்டும். வெப்பம் குறைந்தால் அவை வேலையை நிறுத்திவிடும். உள்ளே போன இலை செரிக்காமல் கிடந்து அழுகும்.

சாப்பிட்டால் செரிக்காது என்று அந்த உடம்புக்குத் தெரிகிறது. அதனால் சாப்பிடாமல் இருக்கிறது. அப்படிப்பட்ட வயிற்றுக்குள் நாம் கொண்டுபோய்த் திணித்தால் என்ன ஆகும்? பசி தீருமா? தீராது. நோய்தான் சேரும்.

"சென்னையில்தான் வெயில் மண்டையைப் பிளக்கிறதே, இகுவானாவுக்கு என்ன குளிர்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. வெயில் தெருவில் அடிக்கிறது. இகுவானா இருப்பது எங்கே? ஏசி அறையில், டைல்ஸ் தரையில், கட்டிலுக்குப் பக்கத்தில். மார்கழி, தை இரவுகளில் நம் ஊரிலேயே வெப்பம் 20, 21 டிகிரிக்கு இறங்குகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததே, மறந்துவிட்டோமா? வடசென்னைத் தெருக்களில் தண்ணீர் நின்றது. பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மனிதர்களுக்கே பால் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. பல்பின் சூட்டை நம்பி இருந்த பிராணியின் நிலையை யோசித்துப் பாருங்கள். கரண்ட் போன வீட்டில் இகுவானா சாப்பிடவில்லை என்றால், அதற்குப் பசி இல்லாமல் போனதற்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். அணைந்து கிடக்கும் பல்பே காரணத்தைச் சொல்லிவிடும்.

ஆகவே, முதலில் கூண்டைப் பாருங்கள். வெப்பமானியை எடுத்துக்கொள்ளுங்கள். கையை வைத்து "சூடாத்தான் இருக்கு" என்று சொல்லாதீர்கள். கை சொல்வதை நம்பக் கூடாது. இகுவானா படுத்து வெயில் காயும் கிளைக்குப் பக்கத்தில் 35 முதல் 38 டிகிரி இருக்க வேண்டும். எதிர்மூலையில் 26 முதல் 29 டிகிரி போதும். சூடும் வேண்டும், சூட்டிலிருந்து விலகிப் போக இடமும் வேண்டும். எங்கே படுப்பது என்பதை அதுவே முடிவு செய்துகொள்ளும். பல்பை உடம்பு தொடாத உயரத்தில் கட்டுங்கள். தொட்டால் வயிறும் முதுகும் வெந்துபோகும். கரண்ட் போனால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். ஆறியதும் மாற்றுங்கள்.

சூடு சரியாக இருக்கிறது. அடுத்தது என்ன? ஒளி.

ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். காசிமேட்டிலிருந்து காய்கறி கிரேட் ஒன்றில் இகுவானாவை வைத்து என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மேலே ஈரத் துண்டு போர்த்தியிருந்தது. அந்த வீட்டு அம்மா கண் கலங்கிச் சொன்னார்: "ரெண்டு வாரமா எதுவும் துன்னல டாக்டர். இட்லியைக் கரைச்சு ஊத்திப் பாத்தோம், வெளிய தள்ளுது." மேசை மேல் விட்டேன். நடக்கவில்லை. வயிறு தரையில் பட இழுத்துக்கொண்டு போனது. பின்னங்கால் விரல்கள் தாமாகவே துடித்தன. தாடையின் ஓரத்தை விரலால் மெதுவாக அழுத்தினேன். எலும்பு வளைந்து கொடுத்தது. வளையக் கூடாத எலும்பு அது. அப்படிப்பட்ட தாடையை வைத்துக்கொண்டு அது எப்படி இலையைக் கடிக்கும்?

"வெயில்லதான்மா வெச்சிருக்கோம், ஜன்னல் பக்கத்துல" என்றார் அந்த அம்மா. உண்மைதான், ஜன்னல் பக்கத்தில்தான் வைத்திருந்தார்கள். ஆனால் நடுவில் கண்ணாடி இருந்தது. வெளிச்சம் உள்ளே வரும், சூடும் வரும். ஆனால் யூவிபி என்று சொல்கிறோமே, அந்தப் புற ஊதாக் கதிரைக் கண்ணாடி உள்ளே விடாது. அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி உண்டாகும். வைட்டமின் டி இருந்தால்தான் தின்ற சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரும். சேரவில்லை என்றால் உடம்பு என்ன செய்யும்? எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துச் செலவழிக்கும். எலும்பு மென்மையாகும். தாடை வளையும். கால் துடிக்கும். கடைசியில் சாப்பாடு நிற்கும். பட்டினி என்று நாம் கண்ணால் பார்ப்பதற்கு மாதக்கணக்கில் முன்பே அந்த நோய் தொடங்கிவிடுகிறது.

அந்தப் பிராணி பிழைத்தது. கால்சியம் மருந்தும், தோலுக்கடியில் செலுத்திய திரவமும், ஒழுங்கான சூடும் ஒளியும் அதைப் பிழைக்க வைத்தன. அவர்கள் வீட்டுச் செடியில் பூத்த செம்பருத்தி ஒன்றை அந்த அம்மா நீட்ட, தடித்த நாக்கை நீட்டி முதலில் தொட்டுப் பார்த்தது. பிறகு ஓர் இதழைக் கிழித்து எடுத்தது. அந்த ஓர் இதழுக்காக அந்தக் குடும்பம் வாரக்கணக்கில் காத்திருந்தது.

நம் ஊரில் இந்த ஒளிக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. மொட்டைமாடியில் இருக்கிறது. காலை வெயிலில், கம்பி வலைக் கூண்டில் அரை மணி நேரம் வையுங்கள். பாதிக் கூண்டுக்கு நிழல் இருக்கட்டும். கூண்டின் மேல்பக்கமும் மூடியிருக்கட்டும். காசிமேட்டு வானத்தில் பருந்துகள் எப்போதும் வட்டமிடுகின்றன, காக்கையும் சும்மா விடாது. ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைக்காதீர்கள். கொஞ்ச நேரத்திலேயே உள்ளே வெந்துவிடும். மாடி வசதி இல்லாதவர்கள் யூவிபி விளக்கு வாங்கிப் போடுங்கள். அது எரிந்துகொண்டிருந்தாலும் நாளாக ஆக அதன் கதிர் குறைந்துவிடும். கடைக்காரரிடம் கேட்டு, உரிய காலத்தில் மாற்றுங்கள்.

சூடு பார்த்தோம், ஒளி பார்த்தோம். மூன்றாவது தண்ணீர். இகுவானா கிண்ணத்துத் தண்ணீரை அதிகம் தேடாது. பெரும்பாலும் இலையில் இருக்கும் ஈரத்தை நம்பி வாழும். சாப்பாடு நின்றால் தண்ணீரும் நின்றுபோகிறது என்று அர்த்தம். பட்டினியைவிட இது வேகமாகக் கொல்லும். சிறுநீரகம் கெட்டுப் போகும். எப்படித் தெரிந்துகொள்வது? விலாப்பக்கத் தோலை மெதுவாகக் கிள்ளி விடுங்கள். மடிப்பு உடனே படிந்தால் நல்லது. அப்படியே நின்றால் உடம்பில் நீர் இல்லை. கண் குழி விழுந்திருக்கிறதா பாருங்கள். வாயோரத்து எச்சில் நூலாக ஒட்டுகிறதா பாருங்கள். தோள்பட்டை நனையும் ஆழத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் விடுங்கள். தலை எப்போதும் மேலே இருக்க வேண்டும். பக்கத்தை விட்டு நகரக் கூடாது. பலவற்றுக்கு அந்தத் தண்ணீரிலேயே மலமும் வெளியேறும், வயிறு இளகும்.

இங்கே ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். இகுவானா தும்மும். மூக்கோரத்தில் வெள்ளையாக உப்புப் படியும். அதைச் சளி என்று நினைத்து மனிதர்களின் மாத்திரையைப் பொடி செய்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கொடுக்காதீர்கள். உடம்பில் மிகுதியாக உள்ள உப்பை மூக்கு வழியாகத் தள்ளுவது அதற்கு இயல்பு. வாயைத் திறந்தபடியே மூச்சு வாங்கினால், நுரை தள்ளினால், அதுதான் நோய்.

நான்காவதாகத்தான் சாப்பாட்டுக்கு வருகிறேன். இகுவானா பிறந்த நாளிலிருந்து இலை தின்னும் பிராணி. முட்டை வேண்டாம், கறி வேண்டாம், மீன் வேண்டாம், நாய்க்கு வாங்கும் பெடிகிரியும் வேண்டாம். அளவுக்கு மீறிய புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெள்ளரிக்காயும் தக்காளியும் மட்டும் போட்டால் வயிறு நிரம்பும், உடம்பு தேறாது. அப்படியானால் எது நல்லது? நம் தெருவிலேயே இருக்கிறது! முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, செம்பருத்தி இலை, செம்பருத்திப் பூ, பரங்கிக்காய்த் துருவல். கீரைக்காரம்மாவின் கூடையில் உள்ளதைவிடச் சிறந்த தீனி எந்த வெளிநாட்டுப் பாக்கெட்டிலும் இல்லை. பாலக்கையும் தண்டுக்கீரையையும் அன்றாட உணவாக்க வேண்டாம். அவற்றில் உள்ள ஆக்சலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். கீரையை நன்றாக அலசுங்கள். சாம்பலும் புகைக்கரியும் படியும் பகுதியில் வாழ்கிறோம், இரண்டு தண்ணீர் கூடுதலாகவே அலசுங்கள்.

ஐந்தாவது, சுற்றுப்புறம். கொசு நம் பகுதியின் தீராத தொல்லை. அதற்காகக் கொசுவர்த்தி கொளுத்துகிறோம், பூச்சி மருந்து அடிக்கிறோம், எறும்புக்குச் சாக்பீஸ் கோடு போடுகிறோம், வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிறோம். இகுவானா இருக்கும் அறையில் இவை எதுவும் வேண்டாம். கூண்டுக்குக் கொசுவலை போடுங்கள், போதும். பூனை எதிரில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டே இருந்தால் இகுவானா சாப்பிடுமா? தீபாவளிப் பட்டாசுக்கு நடுவில் சாப்பிடுமா? புதிதாக வாங்கி வந்த வீட்டில், வருகிறவர் போகிறவர் எல்லோரும் தூக்கிப் பார்த்தால் சாப்பிடுமா? ஒளிந்துகொள்ள ஓர் இடம் கொடுங்கள். ஏறி உட்கார உயரமான கிளை கொடுங்கள். சில நாள் யாரும் தொடாமல் விடுங்கள்.

சாப்பிடாமல் இருப்பதெல்லாம் நோயும் இல்லை. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் இகுவானா ஆரஞ்சு நிறம் ஏறிச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளும். பெண் இகுவானா, ஆண் துணையே இல்லாவிட்டாலும் கருவில்லா முட்டைகளைச் சுமக்கும். வயிறு முழுக்க முட்டை இருக்கும்போது இலைக்கு இடம் ஏது? அது வாரக்கணக்கில் சாப்பிடாமல் இருந்தாலும் கண் பளிச்சென்று இருக்கும், தரையைத் தோண்டப் பார்க்கும். ஈரமணல் நிரப்பிய ஆழமான பெட்டி ஒன்றை வையுங்கள். முட்டையிட இடம் கிடைக்காமல் அடக்கி வைத்தே செத்துப்போன பிராணிகள் உண்டு. தோண்டுவதை நிறுத்திவிட்டுச் சோர்ந்து படுத்துவிட்டால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

எப்போது மருத்துவரிடம் போவது? வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். வாரம் ஒரு முறை, அதே நாளில், சமையலறைத் தராசு போன்ற ஒரு தராசில் எடை பாருங்கள். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் புறப்படுங்கள். குட்டி மூன்று நான்கு நாள் சாப்பிடாவிட்டால் புறப்படுங்கள். வளர்ந்தது ஒரு வாரம் தாண்டினால் புறப்படுங்கள். தாடை வீங்கினாலோ, விரல் துடித்தாலோ, பின்னங்கால் இழுத்தாலோ, முக்கியும் மலம் வராவிட்டாலோ நாளே எண்ணாதீர்கள், அன்றே புறப்படுங்கள்.

எங்கே போவது? 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. 1989-இல் தொடங்கிய கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையிடமே நம் மாதவரத்தில்தான் இருக்கிறது. ஊர்வனவற்றைப் பார்க்கும் தனியார் மருத்துவர்களும் நகரில் உண்டு; போவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். புதிதாகக் கழித்த மலத்தை ஒரு சிறு டப்பாவில் எடுத்துப் போங்கள். குடல்புழுவை அதில்தான் தேட வேண்டும். கூண்டைப் படம் எடுத்துப் போங்கள். வெப்பமானி காட்டும் எண் படத்தில் தெரியட்டும். அந்த ஒரு படம் மருத்துவரின் பாதி வேலையை முடித்துவிடும். குழாய் வழியாக ஊட்ட வேண்டி வந்தால் அதை அவர்கள் செய்யட்டும். அவர்களும் முதலில் சூடு ஏற்றுவார்கள், பிறகு நீர் ஏற்றுவார்கள், அதற்குப் பிறகுதான் உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பார்கள். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாகக் கொடுத்தால் அதுவே உயிருக்கு உலை வைக்கும்.

"வாங்கியதற்குப் பேப்பர் இல்லையே, போனால் பிடித்துக்கொள்வார்களோ" என்று பயந்து, கடைசி மூச்சு வரை வீட்டிலேயே வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயத்தையும் பேசித் தீர்த்துவிடுவோம். இகுவானா சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட இனம். 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 2024 பிப்ரவரியில் வந்த விதிகளும் இத்தகைய பிராணிகளை வைத்திருப்பவர்கள் பரிவேஷ் என்னும் அரசு இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. பதிவு செய்யாதவர்கள் வனத்துறையிடம் நேரில் போய் வழி கேளுங்கள். ஆனால் பிராணியின் நோய் அதுவரை காத்திருக்காது, மருத்துவத்தைத் தள்ளிப்போடாதீர்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் உடும்பையும் பச்சோந்தியையும் பிடித்து வளர்ப்பது குற்றம். அவற்றுக்கு இடம் காடும் புதரும்தான்.

இளைஞர்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. கொளத்தூர்ப் பக்கம் வண்ணமீன் வாங்கப் போகிறீர்கள். அங்கேயோ, வேறு எங்கேயோ, உள்ளங்கை அகலத்தில் பச்சைப் பசேலென்று ஒரு குட்டியை யாராவது காட்டலாம். அது வளர்ந்தால் வாலோடு சேர்த்து ஒன்றரை மீட்டர் ஆகும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 ஆண்டுக்கு மேல் வாழும். அதற்கேற்ற பெரிய கூண்டுக்கு உங்கள் வீட்டில் இடம் இருக்கிறதா? கூண்டைச் சுத்தம் செய்தபின் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுவீர்களா? அதன் உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். வீட்டில் கைக்குழந்தை உண்டா? பாங்காக்கிலிருந்து பெட்டிகளில் அடைத்துக் கொண்டுவந்த ஊர்வனவற்றைச் சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறையினர் எத்தனையோ முறை பிடித்திருக்கிறார்கள். சோறும் தண்ணீரும் இல்லாமல் பெட்டிக்குள் பயணம் செய்து வந்த பிராணி உங்கள் வீட்டில் வந்து சாப்பிடவில்லை என்றால், அந்தப் பட்டினி எங்கே தொடங்கியது? கேள்வி கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். இடமும் காசும் பொறுமையும் இல்லை என்றால் வாங்கவே வாங்காதீர்கள். அதுவும் வள்ளலார் சொன்ன ஜீவகாருண்யம்தான்.

வடசென்னைக்காரர்கள் அன்புக்குக் குறைந்தவர்கள் இல்லை. வெள்ளம் வந்தபோது முழங்கால் தண்ணீரில் நாயைத் தோளில் சுமந்து வந்தவர்கள் நாம். அந்த அன்போடு கொஞ்சம் அறிவையும் சேர்க்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். வளர்ப்பவர்கள் இங்கே இருந்தால், இன்று வீட்டுக்குப் போனதும் மூன்று காரியம் செய்யுங்கள். கூண்டின் இரண்டு மூலையிலும் வெப்பம் அளந்து எழுதுங்கள். எடை பார்த்து எழுதுங்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது கழித்தது என்று எழுதுங்கள். அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு அடுத்த வாரமும் எழுதுங்கள், அதற்கடுத்த வாரமும் எழுதுங்கள். பசியைச் சொல்ல வாய் இல்லாத உயிருக்காக அந்த நோட்டுப் புத்தகம் பேசட்டும்.